நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும்

டிசம்பரில் வடகீழ்க் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பாமசியில் இரண்டு சாமான்கள் தட்டில் நிற்காது. ஒன்று இருமல் பாணி, மற்றது முட்டுக்கு வாயில் வைத்து அடிக்கிற நீலப் பம்ப், அதாவது இன்ஹேலர். "மிஸ், நீலப் பம்ப் ஒண்டு தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். சல்பியூட்டமோல் என்ற பெயர் யார் வாயிலும் வராது. துண்டை வாங்கிப் பார்த்தால் டொக்டர் இரண்டு மருந்து எழுதியிருப்பார். நீலத்தையும் மண்ணிறத்தையும் எடுத்து மேசையில் வைப்பேன். மண்ணிறம் மட்டும் மெல்ல என் பக்கம் திரும்பி வரும்.

"இது வேண்டாம் மிஸ். போனமுறை அடிச்சுப் பாத்தனான், ஒரு சுகமும் தெரியேல்லை."

"இது ஸ்டீரொயிட் எல்லே? பழகிப்போகும் எண்டு சொல்லுகினம்."

வெள்ளவத்தையில், காலி வீதிக்கரையில், பின்னேரம் ஆறு மணிக்கு இதற்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. பின்னால் பனடோலுக்கும் பம்பேர்ஸுக்கும் ஆட்கள் நிற்பார்கள். 101 பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். நான் இரண்டு வசனம் சொல்வேன், அவர்கள் தலையாட்டிவிட்டு நீலத்தோடு போய்விடுவார்கள். அதனால் இங்கே ஆறுதலாக எழுதி வைக்கிறேன். இனிக் கேட்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் இதை அனுப்பிவிடலாம் என்ற சோம்பேறித்தனமும் இதில் உண்டு.

சொல்ல வருவது இதுதான். இரண்டு பம்பும் ஒரே வருத்தத்துக்குத்தான், தொய்வுக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு. ஆனால் நுரையீரலில் அவை வேலை செய்யும் இடம் வேறு, வேகம் வேறு. நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் நீலத்தின் காவல் மெல்லக் குறையும். அதைத் திரும்பக் கொண்டுவருவது நீங்கள் தள்ளிவிடும் அந்த மண்ணிறம்தான். இது ஏன் என்று விளங்க, கலத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். பாமசி படிப்பில் எனக்கு அலுக்காமல் இருந்த ஒரே பாடம் இது, கலங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கதைக்கின்றன என்பது. ஆகவே கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்குழாய்ச் சுவரைச் சுற்றி மழமழப்பான தசை கிடக்கிறது. கை காலை அசைப்பது போல இதை நாம் நினைத்து அசைக்க முடியாது. வேகஸ் நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற சிறு மூலக்கூறு கசியும். தசைக் கலத்தின் மேற்புறத்தில் அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கும். இப்படி வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் புரதங்களை வாங்கிகள் என்பார்கள். இந்த வாங்கியின் பெயர் எம்3. அதில் அசற்றைல்கோலின் ஒட்டியதும், கலத்துக்குள் அடைத்து வைத்திருந்த கல்சியம் கொட்டுப்படும், தசை இறுகும், குழாய் ஒடுங்கும். தொய்வு உள்ளவர்களுக்கு ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் என்று வேறு மூலக்கூறுகளும் அதே தசையை இறுக்கும். நெஞ்சுக்குள் கேட்கிற அந்த விசில், ஒடுங்கிய குழாயால் காற்று நெருக்குப்பட்டுப் போகிற சத்தம்.

அதே தசைக் கலத்தில் இதற்கு எதிர்வேலை செய்யும் வாங்கி ஒன்றும் இருக்கிறது. பீட்டா-2. உடம்பு தானாகச் சுரக்கும் அட்ரினலின் வந்து பிடிக்கும் இடம் அது. நீலப் பம்பில் இருக்கிற சல்பியூட்டமோல் அட்ரினலினின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து. அது ஒட்டியதும் வாங்கி சற்று வளைந்து, உட்புறத்தில் இருக்கும் ஜி புரதத்தை உசுப்பும். ஜி புரதம் ஒரு நொதியத்தை உசுப்பும். நொதியம் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற இன்னொரு சிறு மூலக்கூறைச் செய்து தள்ளத் தொடங்கும். வெளியே ஒட்டியது கொஞ்சம்தான், உள்ளே பெருகுவது அதைப்போலப் பன்மடங்கு. கல்சியம் குறையும், தசை தளரும், விசில் நிற்கும். இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள். அது நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரைக்கும் நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நுரையீரல் ஆட்கள் அல்ல என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1950களில் ஏர்ள் சதர்லண்ட் என்ற அமெரிக்கர் ஈரலை வைத்துக்கொண்டு, அட்ரினலின் பட்டால் அது ஏன் சீனியை வெளியே விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் சைக்ளிக் ஏ.எம்.பி அகப்பட்டது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு. நடுவில் நிற்கும் ஜி புரதத்தைக் கண்டதற்கு கில்மனுக்கும் ரொட்பெல்லுக்கும் 1994இல். வாங்கியைப் பிடித்ததற்கு ரொபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரயன் கோபில்காவுக்கும் 2012இல். இதில் லெஃப்கோவிட்ஸ் இருதய டொக்டர். சல்பியூட்டமோல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்ததோ 1969இல். அது போய் ஒட்டுகிற பீட்டா-2 வாங்கியின் வடிவத்தைப் பளிங்காக்கிப் பார்த்தது 2007இல்தான். மருந்து 38 வருடம் முந்தி வந்துவிட்டது. விளக்கம் பிந்தி வந்து சேர்ந்தது.

இந்த வாங்கி வெறும் பாடப் புத்தகச் சங்கதி இல்லை என்பதற்கு எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மரைன் டிரைவ் பக்கம் தொடர்மாடியில் இருக்கும் வயதான ஐயா ஒருவர் மாதம் ஒரு நீலப் பம்ப் வாங்குகிறவர். திடீரென்று இரண்டு கிழமைக்கு ஒன்று கேட்கத் தொடங்கினார். "இந்த மாரிக்கு முட்டு கூடிப்போச்சு பிள்ளை" என்றார். மாரிக்குக் கூடுவது வழமைதான். ஆனால் மகள் கொண்டுவந்த பையில் ஒரு சின்னக் கண்மருந்துப் போத்தலும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், டிமோலோல். கண் அழுத்தத்துக்கு ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்திருக்கிறார்கள். தொய்வு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையாம்.

டிமோலோல் ஒரு பீட்டா அடைப்பான். இந்த வகை மருந்துகளுக்கு வழிபோட்ட ஜேம்ஸ் பிளக்குக்கு 1988இல் நோபல் கிடைத்தது, இருதய நோயாளிகளுக்கு இவை பெரும் வரம். ஆனால் கண்ணில் விட்ட துளி கண்ணிலேயே நிற்பதில்லை. கண்ணீர்க் குழாயால் மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் ஏறி, மூச்சுக்குழாயிலுள்ள அதே பீட்டா-2 வாங்கியில் போய்க் குந்திக்கொள்ளும். ஐயா ஒரு பக்கம் பம்பால் அந்த வாங்கியைத் திறக்கப் பார்க்கிறார், இன்னொரு பக்கம் கண்மருந்தால் அதையே அடைக்கிறார். கண் டொக்டருக்கு ஒரு குறிப்பு எழுதி மகளிடம் கொடுத்தேன். லற்றனோபுரொஸ்ற் என்ற வேறு துளி மருந்துக்கு மாற்றினார்கள். ஐயா பழையபடி மாதம் ஒரு பம்புக்கு வந்துவிட்டார். தலையிடிக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற புரொப்ரனோலோல் மாத்திரையும் இதே சாதிதான். உங்களுக்குத் தொய்வு என்றால், எந்த டொக்டரிடம் என்னத்துக்குப் போனாலும், பல் கட்டப் போனாலும், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, நீலம் இவ்வளவு நல்லது என்றால் அதையே அடித்தால் என்ன?

வீட்டுக் கோலிங் பெல்லை யோசித்துப் பாருங்கள். எப்போதாவது அடித்தால் ஓடிப்போய்த் திறப்போம். பக்கத்து வீட்டுப் பொடியன் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால் முதலில் வயரைக் கழற்றுவோம், பிறகு பெல்லையே கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிடுவோம். கலமும் இதைத்தான் செய்கிறது. பீட்டா-2 வாங்கியை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால், ஒரு நொதியம் வந்து வாங்கியின் வாலில் பொசுபேற்றை ஒட்டி அடையாளம் வைக்கும். அந்த அடையாளத்தைக் கண்டு அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும். அதோடு வாங்கிக்கும் ஜி புரதத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்னும் தட்டினால் கலம் அந்த வாங்கியை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். லெஃப்கோவிட்ஸின் ஆய்வுகூடம் வருடக்கணக்காகத் துருவியது இதைத்தான்.

ஆனால் இதில் ஆளை ஏமாற்றும் சங்கதி ஒன்று இருக்கிறது. வாங்கிகள் குறைந்தாலும் பம்ப் அடித்தவுடன் வருகிற சுகம் அவ்வளவாகக் குறையாது. தசைக் கலத்தில் வாங்கிகள் தாராளமாக இருக்கின்றன, பாதி போனாலும் சமாளிக்கும். குறைவது வேறொன்று. தூசியோ புகையோ குளிர் காற்றோ வந்தால் குழாய் சடாரென்று ஒடுங்காமல் தடுக்கிற காவல் இருக்கிறதே, அதுதான் தேயும். ஆகவே நீலத்தையே நம்பி இருக்கிறவருக்கு, "எனக்கு அடிச்ச உடன சரியாகுது மிஸ், ஆனா இப்ப அடிக்கடி வருது" என்றுதான் தெரியும். அவர் சொல்வதன் முற்பாதியும் உண்மை, பிற்பாதியும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொடர்பைத்தான் அவர் காண்பதில்லை.

இதற்கு ஒரு பெரிய, கசப்பான வரலாறும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் தொய்வால் சாகிறவர்களின் தொகை திடீரென்று ஏறியது. அப்போது அங்கே ஃபெனோட்டரோல் என்ற வலுவான பீட்டா பம்ப் பரவலாகப் புழங்கியது. 1989இல் அந்த மருந்தையும் மரணங்களையும் தொடர்புபடுத்தி ஒரு ஆய்வு வந்தது. பெரிய சண்டை நடந்தது. மருந்தின் பாவனையைக் குறைத்தார்கள், மரணங்களும் இறங்கின. இருதயத்தில் அது செய்த வேலையா, அல்லது பம்பை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதா என்று காரணம் பற்றி நிறைய விவாதம். ஆனாலும் திறப்பான் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு தொய்வோடு குடும்பம் நடத்த முடியாது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. இருந்தும், ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ஜைனா, பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீலம் மட்டும் கொடுப்பதை இனிப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது 2019இல்தான். முப்பது வருடம்! எங்கள் மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இனி மண்ணிறம். அதற்கு முந்தி, தசை ஏன் இறுகுகிறது என்ற கேள்விக்கு ஒரு படி மேலே போக வேண்டும்.

கொழும்பு வீடுகளில் மூன்று பொருள் தவறாது இருக்கும். ஈரம் குடித்த தலையணை, பூசை அறையில் சாம்பிராணி, கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள். தலையணையில் தூசிச் சிற்றுண்ணி வாழும். அதன் எச்சத்தில் இருக்கும் ஒரு புரதம் நொதியமாகவும் வேலை செய்யும், மூச்சுக்குழாயின் உள்தோல் கலங்களுக்கு இடையிலுள்ள பூட்டுகளை வெட்டிவிடும். நுளம்புச் சுருள் பற்றி 2003இல் வந்த ஒரு ஆய்வு, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று கணக்குப் போட்டது. யன்னலைப் பூட்டி, பிள்ளையின் கட்டிலுக்குக் கீழேயே அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, காலையில் பிள்ளைக்கு முட்டு என்று என்னிடம் பாணி வாங்க வருகிறார்கள். (சாம்பிராணியைப் பற்றி எழுதினால் வீட்டில் அம்மா சோறு போடமாட்டா. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.) இதற்கு மேல் வடகீழ்க் காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் அள்ளிக்கொண்டு வரும். 2022 டிசம்பரில் காற்று அவ்வளவு கெட்டுப்போய் அரசாங்கப் பாடசாலைகளுக்கே ஒரு நாள் விடுமுறை விட்டார்கள், ஞாபகம் இருக்கும்.

மூச்சுக்குழாயின் உள்தோலை முந்தி எல்லோரும் வெறும் உறையாகவே நினைத்தார்கள். இப்போது அப்படியில்லை. தொய்வு ஆராய்ச்சியில் கடந்த இருபது வருடத்தில் ஆகக் கூடுதலாகப் பேசப்பட்டது இந்த உள்தோல் கலங்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவை அடிபட்டவுடன் மூன்று செய்திகளை வெளியே விடும்: டி.எஸ்.எல்.பி, இன்டர்லூக்கின் 33, இன்டர்லூக்கின் 25. இவை நோய் எதிர்ப்புக் கலங்களைக் கிளப்பிவிடும். கிளம்பியவை இன்னும் செய்திகளை விடும். அவற்றில் இன்டர்லூக்கின் 5 எலும்பு மச்சைக்குப் போய் ஈயோசினோபில் என்ற வெள்ளைக் கலங்களைப் பெருக்கும். இன்டர்லூக்கின் 13 மூச்சுக்குழாயிலேயே நின்று, உள்தோலில் சீதம் செய்யும் கலங்களைக் கூட்டும், தசையையும் சுலபமாக இறுகும்படி பழக்கும். கடும் முட்டுக்குப் பிறகு சிலர் இருமித் துப்புகிற அந்த இறுகிய, நூல் மாதிரியான சளி இந்த இன்டர்லூக்கின் 13இன் கைவேலை. இப்படி மணிக்கணக்காக, நாட்கணக்காக உள்ளே செய்தி பரிமாறப்படுகிறது. தசை இறுகுவது இந்தக் கதையின் கடைசி வரி. நீலப் பம்ப் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் அழிக்கிறது. முந்திய பக்கங்களை அது தொடுவதே இல்லை.

மண்ணிறம் தொடுகிறது. அதிலிருக்கும் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் கொழுப்பில் கரையும் பொருள், கலத்தின் மென்சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய்விடும். அதற்கான வாங்கி வெளிப்பக்கத்தில் இல்லை, கலத்துக்குள்ளேயே இருக்கிறது. மருந்து ஒட்டியதும் அந்த வாங்கி கருவுக்குள் போய், அழற்சிச் செய்திகளை எழுதும் பரம்பரையலகுகளை மௌனமாக்கும். அதே நேரத்தில் சில பரம்பரையலகுகளைத் தூண்டிவிடவும் செய்யும், அவற்றில் ஒன்று பீட்டா-2 வாங்கியைச் செய்யும் பரம்பரையலகு. மேலே சொன்ன கதையில், கழற்றி வைத்த பெல்லைத் திரும்ப மாட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

பரம்பரையலகு வாசிக்கப்பட்டு, புரதம் செய்யப்பட்டு, பழைய புரதம் அழிந்து, வந்து குவிந்த ஈயோசினோபில்கள் செத்துக் கழிய வேண்டும். ஐந்து நிமிடத்தில் நடக்கிற காரியமா இது? நாட்கள் எடுக்கும், முழுப் பலனுக்குக் கிழமைகள் எடுக்கும். "அடிச்சுப் பாத்தனான், ஒரு சுகமும் தெரியேல்லை" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அடித்தவுடன் எதுவும் தெரியாமல் இருப்பதுதான் அந்த மருந்தின் இயல்பு.

ஸ்டீரொயிட் பயத்துக்கு என் பதில் ஒரு கணக்கு. பிரட்னிசலோன் என்ற, விழுங்குகிற ஸ்டீரொயிட்டின் சிறிய மாத்திரை 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். மண்ணிறப் பம்பில் ஒரு அடி, 100 மைக்ரோகிராம் வகை என்றால், எடையில் அந்த மாத்திரையின் ஐம்பதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நெஞ்சுக்குப் போவது. இரண்டும் ஒரே மருந்து இல்லை, எடையை மட்டும் வைத்து வீரியத்தைச் சொல்லிவிட முடியாது, தெரியும். ஆனாலும் பம்புக்குப் பயந்த அதே ஆள் கடும் முட்டு வந்ததும், தெருமுனை டிஸ்பென்சரியில் பேரில்லாமல் கடதாசிப் பையில் கட்டிக் கொடுக்கிற மூன்று நான்கு கலவை மாத்திரையை வாயில் போட்டு, "நல்ல கை" என்று டொக்டரைப் புகழும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பையில் வெள்ளை மாத்திரை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பம்புக்கும் பக்கவிளைவு உண்டுதான். வாயில் வெண்பூஞ்சணம் படரலாம், குரல் கம்மலாம். அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. அதிக அளவு வருடக்கணக்கில் எடுப்பவர்கள் டொக்டரோடு கதைத்துக் குறைக்கலாம், இரண்டு மூன்று மாதம் சுகமாக இருந்தால் அவரே குறைத்துப் பார்ப்பார். தானாக நிறுத்துவதுதான் கூடாது.

பிளேன்டீ குடித்தால் முட்டுக்கு நல்லதா என்றும் கேட்பார்கள். இதற்கு நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. தியோபிலின் என்ற மருந்தை 1888இல் ஆல்பிரெக்ற் கொசல் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்துதான். மேலே சொன்ன சைக்ளிக் ஏ.எம்.பியை அழிக்கும் நொதியத்தை அது தடுக்கும். நீலம் செய்யவைப்பதை இது அழியாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் கோப்பைத் தேநீரில் அது இருக்கிற அளவு துளியிலும் துளி. கோப்பியிலுள்ள கஃபீன் கொஞ்சம் குழாயைத் தளர்த்தும், அதனால்தான் மூச்சுச் சோதனைக்குப் போகும் நாளில் கோப்பி குடிக்காமல் வரச் சொல்வார்கள். குடியுங்கள், நம்ம ஊர்ச் சாமான். பம்புக்குப் பதிலாகக் குடிக்க வேண்டாம்.

ஆடாதோடைக்கும் நான் எதிரி இல்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள், அதிலிருந்து வந்தது அம்புரொக்சோல். நான் விற்கிற இருமல் பாணியில் பாதி அவைதான். பேத்திக்கு ஆடாதோடைக் குடிநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாம்பழ வாசனை போட்ட அம்புரொக்சோல் வாங்கிப்போகும் தாய்மாரைக் கண்டால், மாமியார் பக்கம் சேர்ந்து கதைக்கலாம் போல இருக்கும். ஆனால் அவை சளியை இளக்கும், அவ்வளவுதான். அழற்சிச் செய்தியை நிறுத்தாது. 2010இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நாக்கில் கசப்பை உணரும் வாங்கிகள் மூச்சுக்குழாய்த் தசையிலும் இருக்கின்றன, கசப்பு பட்டால் தசை தளர்கிறது என்று கண்டது. அந்தச் செய்தி வந்தால் போதும், கசாயக் கட்சிக்காரர் எனக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சோதனைகளில் கசப்பு மூச்சுக்குழாயிலேயே நேரே பட்டது. நீங்கள் குடிப்பது வயிற்றுக்குப் போகிறது.

புகைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடக்கணக்கான சிகரெட்டால் வரும் நாட்பட்ட மூச்சு அடைப்பில் மண்ணிறம் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. ஸ்டீரொயிட் வாங்கி கருவுக்குள் போய் அழற்சிப் பரம்பரையலகை மூடுவதற்கு எச்டக்-2 என்ற நொதியத்தின் துணை வேண்டும், சிகரெட் புகை அதைச் சிதைத்துவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பீற்றர் பார்ன்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓட்டோ அண்ணன் ஒருவர், "அப்ப எனக்கு அந்த மருந்து வேஸ்ட்தானே மிஸ்" என்று கேட்டு, துண்டில் அதைப் பேனையால் வெட்டப் பார்த்தார். வெட்டவேண்டியது அதை இல்லை அண்ணன் என்றேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மாதமும் பையில் பெட்டி இருந்தது.

இன்டர்லூக்கின் 5ஐ மறிக்கும் மெப்போலிசுமாப் 2015இலும், டி.எஸ்.எல்.பியை மறிக்கும் டெசெப்பலுமாப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் ஊசிகள், பின்னையது உள்தோல் விடும் முதல் செய்தியையே பிடித்து நிறுத்துகிறது. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். விலையைப் பார்த்தால் படித்ததோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அவை பம்புக்கு அடங்காத கடுந்தொய்வுக்கு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மேசையில் திரும்பி வருகிற அந்த மண்ணிறமே போதும், அதை ஒழுங்காக அடித்தால்.

ஒழுங்காக அடிப்பது என்றால்: பம்பை வாயில் வைத்து அமத்திவிட்டு உடனே வாயை மூடினால் மருந்து முழுக்கத் தொண்டையில் ஒட்டும். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற கூடு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். இந்தக் கிழமை எங்களிடம் ஸ்பேசர் இல்லை, விலையும் ஏறிப்போய்க் கிடக்கிறது. கேப் டவுனில் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 1999இல் வந்தது. கடும் முட்டு நேரத்தில் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் செய்த ஸ்பேசர், கடை ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்தது என்று அதில் கண்டார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்குத் துளை வெட்டுங்கள். ஓரத்தை டேப்பால் சுற்றுங்கள், காற்றுப் போகக்கூடாது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்பைக் குலுக்கி மாட்டி, போத்தலின் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து, ஒரு அடி அடித்துவிட்டு ஐந்தாறு தரம் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள். அடுத்த அடி அதற்குப் பிறகு. பிள்ளை ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லமுடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், அடித்தும் குறையாவிட்டால், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எங்கள் கடைக்கு வராதீர்கள். மற்றபடி செய்த போத்தலைக் கொண்டுவந்து காட்டினால், துளை சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். மத்தியானம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் கூட்டம் குறைவு.